சார்ஜருக்கு ஜரிகை

மூடியிருக்கிற எதையும் கலைமகளால் சும்மா பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. திறந்து பார்த்தாக வேண்டும். என் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் மெஷின் ஒரு நாள் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. மெக்கானிக்குக்கு நான் போன் போடுவதற்குள் அவள் ஸ்க்ரூடிரைவரோடு வந்து அதைப் பிரித்து மேசையில் பரப்பிவிட்டாள். திரும்பப் பூட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. "இது இல்லாமலே நல்லாதான் ஓடுது அண்ணா" என்றாள். நல்லாத்தான் ஓடுகிறது. இருந்தாலும் அந்த ஸ்க்ரூவை டிராயரில் பத்திரமாக வைத்திருக்கிறேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

ஆரணியில் எங்கள் இருவர் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் என் ஜெராக்ஸ், அந்தப் பக்கம் அவளுடைய செல்போன் சாமான் கடை. காற்றுக்காக மேலே விட்ட ஓட்டை வழியாக அவள் பேசுவது எனக்குக் கேட்கும். ஆதார் கார்டை ஈரக்கையோடு நீட்டுகிறவர்களை நான் திட்டுவது அவளுக்குக் கேட்கும். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் எல்லாம் சந்தேகம்தான் வரும். ஒருவன் பொய் சொன்னால் எனக்கு அவன்மேல் எரிச்சல் வரும். அவளோ, இவன் எதற்குப் பொய் சொல்கிறான் என்று யோசிக்க உட்கார்ந்துவிடுவாள்.

அவளுக்குச் சொந்த ஊர் சந்தவாசல் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அரசாங்கம் கொடுத்த இலவச டிவி வீட்டுக்கு வந்த அன்றைக்கே பின்மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறாள். அவள் அம்மா துடைப்பத்தை எடுத்தாராம். "அடி வாங்கினது ஞாபகம் இல்லண்ணா, உள்ள செம்புக் கம்பி சுத்தி வெச்சிருந்தாங்களே, அதுதான் ஞாபகம்" என்பாள். பிறகு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சார்ஜர் சோதிக்கிற வேலை. அங்கே ஒரு மெஷின், சார்ஜரை சாக்கெட்டில் செருகும், பிடுங்கும், செருகும், பிடுங்கும். இவள் பக்கத்தில் நின்று பின் வளைகிறதா, சூடேறுகிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற பெண்களுக்கு அது தூக்கம் வரவைக்கிற வேலை. இவளுக்கு அது திருவிழா. அன்புச்செல்வனைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்த பிறகு, அந்த மெஷினை விட்டு வந்ததில்தான் அவளுக்கு வருத்தம் என்று அன்புச்செல்வனே சொல்லிச் சிரிப்பான்.

இப்போதெல்லாம் நெசவு வீடுகளில் எல்லாரும் கேட்பது வேகமாக ஏறுகிற சார்ஜர். முதலாளி டிசைனை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார். நெய்த அளவைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில்தான் காட்ட வேண்டும். சோறு தின்று எழுவதற்குள் போன் நிறைந்துவிட வேண்டும். கலைமகள் அறுபத்தைந்து வாட் சார்ஜர் ஒன்றை வரவழைத்து சேவூர்ப் பக்கம் நிறைய விற்றிருந்தாள். கைக்கு அடங்காத வெள்ளைக் கட்டி, அதில் ஒல்லியாக இரண்டு பின்.

போன ஆவணியில், சேவூர் நெசவாளி ரஞ்சித்குமார் அப்படி ஒரு சார்ஜரை அவள் கடை மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"வீட்டுக்காரிக்கு ஷாக் அடிச்சிடுச்சு" என்றார். "தரை கழுவிட்டு ஈரத்துல நின்னுகினு இத புடுங்கப் போச்சு. தூக்கி அடிச்சிடுச்சு. முட்டி தறிக்கால்ல மோதி வீங்கிகினு இருக்குது."

"காசு திருப்பித் தரேன், இல்லன்னா வேற சார்ஜர் தரேன்" என்றாள் கலைமகள்.

"ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு அவர் போயே போய்விட்டார். பொருள் கெட்டுப்போய், காசும் கேட்காமல் போகிற வாடிக்கையாளரை நான் இந்தக் கடைத்தெருவில் பார்த்ததில்லை. எனக்கு அது பெருந்தன்மையாகப் பட்டது. கலைமகளுக்கு அது உறுத்தியது.

சாயங்காலமே லோகநாதன் வந்துவிட்டார். பட்டு முதலாளி. சேவூரில் பல தறிகள் அவருக்காக ஓடுகின்றன, ரஞ்சித்குமாருடையதும் சேர்த்து. எங்கள் இரண்டு கடைகளின் கட்டடமும் அவருடையதுதான். அதனால் அவரைக் கண்டால் என் கோபம் கொஞ்சம் நிதானமாகவே வரும்.

"உன் சார்ஜர் ஆளை அடிச்சிருக்குதும்மா" என்றார். "அது பட்டு இருக்கற வீடு. ஒரு பொறி பட்டா பாவு நூலு, தறி, வீடு எல்லாம் போச்சு. என் மச்சான் வீடு எரிஞ்சத கண்ணால பார்த்தவன் நான். இன்னா கோளாறுன்னு கண்டுபுடிச்சு என் கிட்ட வந்து சொல்லு. உன் பொருள்தான் கோளாறுன்னா கடைய காலி பண்ணிடு. நம்ம கட்டடத்துல அத விக்க வேணாம்."

கலைமகள் முகம் சுண்டிப்போயிற்று. அந்தக் கடை ஒன்றுதான் அவள் தனக்கென்று கட்டிக்கொண்டது. ஆனால் அவர் படியிறங்கியதுமே அவள் கை ஸ்க்ரூடிரைவரைத் தேடியது.

நான் என் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் கடையில் போய் உட்கார்ந்தேன். சார்ஜரின் மூடியை விளிம்போடு நெம்பிப் பிளந்தாள். உள்ளே பச்சை அட்டையில் என்னென்னவோ மொய்த்துக்கொண்டிருந்தன.

"இங்க பாருங்கண்ணா. இந்தப் பக்கம் செவுத்துலருந்து வர்ற கரண்டு. அது ஆளைக் கொல்லும். அந்தப் பக்கம் போனுக்குப் போற கரண்டு. அது ஒண்ணும் பண்ணாது. நடுவுல ஒரு கோடு வெட்டி விட்டிருக்காங்க பார்த்தீங்களா? ரெண்டு கழனிக்கு நடுவுல வரப்பு மாதிரி. வரப்பு உடைஞ்சிருந்தாதான் போன் பக்கம் ஷாக் வரும்."

"உடைஞ்சிருக்கா?"

"இல்ல. மேல் பிளாஸ்டிக்கும் நல்லா இருந்தது. அப்ப எங்கருந்து அடிச்சுது?"

மீட்டரை வைத்து அங்கே தொட்டாள், இங்கே தொட்டாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது; பொருள் நல்ல பொருள், முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. பின்னை விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னைச் சுற்றி மெல்லிசாகக் கருப்புக் கோடுகள், வளையல் அடுக்கினது போல. யாரோ அழுத்தித் துடைத்திருக்கிறார்கள். கோடு மட்டும் போகவில்லை. அடிப்பக்கத்தில் கடுகளவு ஒரு கரி ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி என் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாருங்க. பிளாஸ்டிக் வாடையா இது?"

மோந்தேன். பிளாஸ்டிக் இல்லை. முடி பொசுங்கின வாடை. ஆரணிக்காரனுக்கு அந்த வாடையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சேலையில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டி, முடி வாடை வந்தால் பட்டு, இல்லாவிட்டால் ஏமாற்று என்று மூக்காலேயே சொல்லிவிடுகிற ஊர் இது.

"பட்டு" என்றேன்.

"சார்ஜர் பின்னுல பட்டு எப்படி வந்தது?" என்றாள். கண் அப்படி மின்னியது. கடை போகப் போகிறது என்பதையே அந்த நேரத்தில் அவள் மறந்துபோனாள் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் அதே மாதிரி புதுச் சார்ஜர் ஒன்றையும் மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு, என்னையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு சேவூருக்குக் கிளம்பினாள். அவள் ஓட்டுகிற லட்சணத்துக்கு, வழியில் டவுன் பஸ்ஸைக் கண்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ரஞ்சித்குமார் தறிக்குழியில் காலை விட்டு நெய்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் "வாங்க" என்றாரே தவிர தறியை நிறுத்தவில்லை. அவர் வீட்டுக்காரி சிவசங்கரிதான் வந்து நாற்காலி போட்டது. முட்டியில் மஞ்சள் பற்று. எப்படி நடந்தது என்று கலைமகள் கேட்டதற்கு, "இன்னாமோ, தொட்டேன், அடிச்சிடுச்சு" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது.

தறிக்குப் பக்கத்துச் சுவரில் பழைய கருப்பு ஸ்விட்ச் போர்டு. கலைமகள் புதுச் சார்ஜரை அதில் செருகினாள். கையை எடுத்ததும் அது மெல்லத் தலையைத் தொங்கப் போட்டது. ஸ்விட்சைப் போட்டாள்; உள்ளே சரசரவென்று ஒரு சத்தம். உடனே அணைத்துவிட்டாள். மறுபடி செருகினாள். இந்தத் தடவை கழன்று கீழேயே விழுந்தது.

அவள் அதைக் குனிந்து எடுக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எனக்கென்று சொன்னாளோ தனக்கென்று சொன்னாளோ, "கம்பெனியில எல்லா சாக்கெட்டும் புதுசு அண்ணா" என்றாள். "ஓட்டை பெருசு, பின் ஒல்லி, கட்டி வெயிட்டு. உள்ள இருக்கற பித்தளைத் தகடு வருஷக் கணக்கா விரிஞ்சு போயிருக்குது. எத்தனையோ சார்ஜர் சோதிச்சேன், ஒரு பழைய சாக்கெட்டுல செருகிப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

பிறகு தறிப்பக்கம் திரும்பினாள். "அண்ணா, இது நிக்கவே இல்லையே. நீங்க எப்படி நிறுத்தினீங்க?"

தறி ஓடிக்கொண்டிருந்தது. சிவசங்கரி புருஷனைப் பார்த்தது.

தறிப்பலகை மேல், குறுக்கு இழையை ஓட்டுகிற மரநாடா இன்னொன்று இருந்தது. நூல் சுற்றின தார்க்குச்சியை நாடாவுக்குள் ஒரு கம்பியில்தான் மாட்டுவார்கள். கலைமகள் அதைக் கையில் எடுத்தாள். தெரியாத பொருள் கையில் கிடைத்தால் விடமாட்டாளே. கம்பியின் அடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

"இது எதுக்கு சுத்தியிருக்கீங்க?"

"தார்க்குச்சி ஆடிச்சுன்னா ரெண்டு சுத்து சுத்தி செருகுவோம். கெட்டியா உக்காந்துக்கும். எல்லாரும் பண்றதுதான்" என்றார் ரஞ்சித்குமார். சொல்லி முடித்ததும் அவர் கை அந்தரத்தில் நின்றது. தறியும் நின்றது.

அப்புறம் அவரே சொன்னார். முதலில் பட்டு நூலைத்தான் பின்னில் சுற்றிப் பார்த்திருக்கிறார். சார்ஜர் கெட்டியாக நின்றது, ஆனால் ஏறவில்லை. நூலில் கரண்டு போகாது என்று புரிந்தது. கரண்டுக்கு உலோகம் வேண்டும். உலோகமும் வேண்டும், நூல் மாதிரி சுற்றவும் வரவேண்டும் என்றால் கைக்கெட்டின தூரத்தில் ஜரிகை இருக்கிறது. பட்டு நூலின் மேல் தகடாகத் தட்டின கம்பியைச் சுற்றினதுதானே ஜரிகை. ரெண்டு பின்னிலும் சுற்றிச் செருகினார். நின்றது, ஏறவும் ஏறியது.

"கொஞ்ச நாளா ஒரு மாதிரி பொசுங்கற வாடை வந்துகினுதான் இருந்தது" என்றது சிவசங்கரி. "சமையலறையில இன்னாமோன்னு நெனச்சோம். அன்னிக்கு ஜரிகை நுனி வெளிய தொங்கிகினு இருந்தத பார்க்காம கை வெச்சுட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவர் செய்த காரியத்துக்கு அவள் கடை போவதா? வாயைத் திறப்பதற்குள் கலைமகள் குழி ஓரத்தில் உட்கார்ந்து மீட்டரை எடுத்துவிட்டாள். ஒரு முழ ஜரிகை வாங்கி, இரண்டு நுனியிலும் மீட்டர் முள்ளை வைத்தாள். பீப் என்றது. பட்டு நூலில் வைத்தாள். ஊமை. ரஞ்சித்குமார் குழியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னொரு தபா ஜரிகையில வை" என்றார். வைத்தாள். பீப். இருவரும் குழந்தைகள் மாதிரி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லாதான் யோசிச்சிருக்கீங்க" என்றாள். "ஆனா வெளிய நீட்டற ஒவ்வொரு பிசிறும் செவுத்துக் கரண்டுதான். நீங்க சுத்தின சுத்துல ஒரு நுனி இந்தப் பின்னுலருந்து அந்தப் பின்னைத் தொட்டிருந்தா அங்கியே நெருப்பு. உள்ள இருக்கற பட்டு வேற எரிஞ்சு எரிஞ்சு கரியாகிகினு இருந்திருக்குது. மாத்த வேண்டியது சாக்கெட்டதான்."

ரஞ்சித்குமார் தலையாட்டினார். பிறகு குரலை இறக்கினார். "இத முதலாளி கிட்ட சொல்லிடாதம்மா. ஜரிகைய எடை போட்டுத்தான் குடுக்கறாரு, கழிவையும் எடை போட்டுத்தான் திருப்பி வாங்கறாரு. சார்ஜருக்கு சுத்தினேன்னு தெரிஞ்சா திருடன்னு சொல்லி தறியில இருக்கற பாவு நூலை அறுத்துகினு போய்டுவாரு. எனக்கு இந்தத் தறி விட்டா வேற நாதி இல்ல."

அதனால்தான் பின்னைத் துடைத்துக் கொண்டுவந்ததும், காசு வேண்டாம் என்றதும். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கிருந்த கோபம் எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை. நாங்கள் கிளம்பும்போது தறி மறுபடி ஓட ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக. பயத்தில் நெய்கிறவரின் வேகம் அது.

ஸ்கூட்டியில் நான் சொன்னேன்: "சொன்னா அவருக்குத் தறி போகும். சொல்லலன்னா உனக்குக் கடை போகும். இன்னா பண்ணப் போற?"

"தெரியலண்ணா" என்றாள். டவுன் பஸ்ஸுக்குக்கூட ஒதுங்கித்தான் போனாள்.

லோகநாதன் கடையில் அப்போது வியாபாரம் இல்லை. மெத்தையில் உட்கார்ந்து போனில் யாருக்கோ பார்டர் படம் அனுப்பிக்கொண்டிருந்தார். கலைமகள் நின்றபடியே சொன்னாள். சார்ஜருக்குள் கோளாறு இல்லை, சாக்கெட் தளர்ந்திருக்கிறது, கட்டியின் கனத்துக்கு அந்த ஒல்லிப் பின் பழைய சாக்கெட்டில் நிற்காது. அவ்வளவுதான் சொன்னாள். ஜரிகை என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை.

"நிக்காத பொருளைத்தானே வித்திருக்க?" என்றார் அவர்.

"விக்கும்போது வீட்டுல சாக்கெட் எப்படின்னு நான் கேட்டிருக்கணும் முதலாளி. கேக்கல."

"அப்ப உன் தப்புதான். நீயே ஒத்துக்கற. இன்னும் எத்தினி வீட்டுல தொங்கிகினு இருக்குதோ. நான் சொன்னது சொன்னதுதாம்மா."

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ரஞ்சித்குமாரின் முகம் வந்து தடுத்தது. கலைமகளைப் பார்த்தேன். அவள் லோகநாதனைப் பார்க்கவே இல்லை. அவர் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவர் அப்பா காலத்து மரப்பலகை ஸ்விட்ச் போர்டு. அதில் அவள் கடை வெள்ளைச் சார்ஜர், ஆணி அடித்த மாதிரி நேராக நின்றுகொண்டிருந்தது.

"முதலாளி" என்றாள், கடை போகிற பேச்சே நடக்காதது போல. "உங்க போர்டு அந்த வீட்டு போர்டவிடப் பழசு. இது மட்டும் எப்படி நிக்குது?"

லோகநாதன் போனைக் கீழே வைத்தார்.

அவள் கேட்டுக்கொண்டெல்லாம் நிற்கவில்லை. மெத்தை ஓரமாகப் போய் ஸ்விட்சை அணைத்து, சார்ஜரின் உடம்பைப் பிடித்துப் பதமாக இழுத்தாள். இறுக்கமாக இருந்தது, ஆட்டி ஆட்டித்தான் வந்தது. பின் இரண்டும் பொன்னாக மினுங்கின. அழகான சுற்று, ஒரு இழை மேல் ஒரு இழை ஏறாமல். அடியில் மட்டும் கருகிப்போய், ஒரு நுனி அரை விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முடி பொசுங்கின வாடை மெத்தை வரைக்கும் வந்தது.

"எங்கப்பா என்னைத் தறியில உக்கார வெச்சுதான் வளர்த்தாரு" என்றார் லோகநாதன் மெதுவாக. "ஆடிச்சுன்னா கை தானா சுத்திடுது."

கலைமகள் அந்த நீட்டின நுனியை விரலால் காட்டினாள். "இந்த முள்ளுதான் முதலாளி. இதத் தொட்டா சார்ஜர் அடிக்கற மாதிரியே இருக்கும்."

அவர் நுனியைப் பார்த்தார். பிறகு அதற்கு நேர் கீழே பார்த்தார். போர்டுக்கு அடியில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, முயல் படம் போட்டது. ஸ்கூல் விட்டு வந்ததும் அவர் பேத்தி அதில் உட்கார்ந்து, போனை சார்ஜில் இருக்கும்போதே பிடுங்கி விளையாடும். கடைத்தெருவில் எல்லாரும் பார்க்கிற காட்சிதான். அவர் எழுந்து போய் அந்த நாற்காலியைத் தூக்கி எதிர்ச்சுவர் ஓரம் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, பின்னிலிருந்த ஜரிகையைத் தானே ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார்.

"ரஞ்சித்தும் இதத்தான் பண்ணானா?"

கலைமகள் சார்ஜரைப் பார்த்தாள். நான் தராசைப் பார்த்தேன். அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிரித்த ஜரிகையைத் தராசுப் பக்கம் கொண்டுபோகாமல் கழிவு டப்பாவில் அப்படியே போட்டு மூடினார்.

"சாக்கெட் எங்க நல்லதா கிடைக்கும்னு பார்த்து வையி. எல்லாத் தறிவீட்டுக்கும் மாத்திடலாம்" என்றார். "நீ கடைய ஒண்ணும் காலி பண்ண வேணாம்." கலைமகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு எவ்வளவு பயம் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

லோகநாதன் போனை எடுத்து நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மறுமுனையில் முதலில் தறிச் சத்தம்தான் கேட்டது, டக் டக்கென்று, ஓட்டமாக.

"முதலாளி?" என்றது ரஞ்சித்குமாரின் குரல். சத்தம் நிற்கவில்லை.

"சிவசங்கரி முட்டி எப்படி இருக்குது?"

"பரவால்லீங்க முதலாளி. வீக்கம் வடிஞ்சிகினு வருதுங்க."

"ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. வேலை அப்புறம் பார்த்துக்கலாம்." கழிவு டப்பாவைப் பார்த்தார். "பயப்படாத ரஞ்சித்து. நானும் ஜரிகைதான் சுத்தி வெச்சிருந்தேன்."

மறுமுனையில் தறி நின்றது.